புரியாதபோது என்ன சொல்வது? அங்கிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 25. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு 54 வயது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். மகளின் பிரசவத்துக்காக இன்னும் மூன்று மாதத்தில் அமெரிக்காவில் டல்லாஸ் போகிறார். "நாலு பேர்கிட்ட நாலு வார்த்தை பேசற அளவுக்குச் சொல்லிக் குடு கண்ணு" என்று கேட்டார். டென்ஸிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. நோட்டில் அழகாக எழுதுகிறார், கேட்டால் ஒப்பிக்கிறார். "பேசுங்க அத்தை" என்றால் வாயே திறப்பதில்லை. "எனக்கு மண்டையில ஏறாது கண்ணு, உன் நேரத்தையும் கெடுக்கறேன்" என்கிறார். தவறு என் பக்கமா? இனி தமிழே கலக்காமல் ஆங்கிலத்தில் மட்டும் பேசலாமா? உச்சரிப்பையும் திருத்த வேண்டுமா?
வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அத்தைக்கு மண்டையில் ஏறாமல் இல்லை. மூன்று வாரத்தில் டென்ஸை எழுதி ஒப்பிக்கிறவருக்கு எது ஏறாது? எழுதுவதும் ஒப்பிப்பதும் தனியாகச் செய்கிற வேலை. பேச்சில் எதிரே இன்னொருவர் இருக்கிறார். அவர் என்ன கேட்பார், எந்த வேகத்தில் கேட்பார் என்பது நம் கையில் இல்லை. அத்தை பயப்படுவது அதற்குத்தான். தான் சொல்ல வேண்டியதை அவர் நோட்டில் வைத்திருக்கிறார். எதிராளி சொல்வது புரியாமல் போனால் என்ன செய்வது என்பது அந்த நோட்டில் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டதற்கு வேறொருவர் விலை கொடுத்தார். ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த புதிதில், மகன் வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். உங்களைப் போலவே நானும் டென்ஸ் எடுத்தேன். இரண்டு மாதத்தில் நான் வைத்த பரீட்சை எல்லாவற்றிலும் நல்ல மார்க். போன முதல் வாரமே மளிகை வாங்கப் போயிருக்கிறார். பில் போடும் பெண் சிரித்துக்கொண்டே, "டிட் யூ ஃபைண்ட் எவ்ரிதிங் ஓகே?" என்று கேட்டிருக்கிறாள். வேண்டியதெல்லாம் கிடைத்ததா என்று அங்கே கடைகளில் கேட்கிற சாதாரண விசாரிப்பு அது. அந்த அம்மாவுக்கு அதில் ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். ஆனால் எதையோ எடுத்துவிட்டாயா என்று கேட்கிறாள் என நினைத்து, கைப்பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். பின்னால் வரிசையில் ஆட்கள். அதற்கப்புறம் ஊர் திரும்பும்வரை நான்கு மாதம் அவர் எந்தக் கடைக்குள்ளும் தனியாகப் போகவில்லை. திரும்பி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது அவர் என்மேல் வருத்தப்படவில்லை. தன் படிப்பு போதவில்லை என்றுதான் சொன்னார். அது என்னை இன்னும் உறுத்துகிறது. "ஸாரி?" என்ற ஒரே சொல்லை நான் பழக்கியிருந்தால் போதும்.

அதனால் நாளைக்குப் போனதும் நோட்டை மூடிவைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் முழுக்க ஒரே பாடம்: புரியாதபோது பேச்சை விட்டு ஓடாமல் நிற்பது. அதற்கு வேண்டியவை மிகக் குறைவு. குரலைக் கடைசியில் உயர்த்தி "ஸாரி?" என்பது ஒன்று. "கேன் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?" அடுத்தது. "ஸ்லோலி, ப்ளீஸ்" இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய உதவி, காதில் விழுந்த ஒரு வார்த்தையைப் பிடித்துத் திருப்பிக் கேட்பது. கடைக்காரர் கடகடவென்று ஏதோ சொல்கிறார், அதில் "பேக்" என்பது மட்டும் விழுந்தது. "பேக்?" என்று கேட்டால் போதும். அவர் அதையே எளிமையாக, பெரும்பாலும் பையைத் தூக்கிக் காட்டியே மறுபடி சொல்வார். பாதிப் பாரம் எதிராளி தோளுக்குப் போய்விடுகிறது.

இதைப் பழக்குவதற்கு நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் வேண்டுமென்றே வேகமாகவும், முணுமுணுத்தும், அத்தைக்குத் தெரியவே முடியாத வார்த்தைகளைப் போட்டும் பேசுங்கள். புரிந்துகொள்வது அத்தையின் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களை நிறுத்துவதுதான் அவர் வேலை. முதல் நாள் சங்கடமாகச் சிரிப்பார், தலையாட்டுவார். தலையாட்டினால் நிறுத்தாமல் இன்னும் வேகமாகப் பேசுங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கையை நீட்டி, "ஏ, ஸ்லோலி ப்ளீஸ்!" என்று அதட்டுவார். அந்த அதட்டல் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புரியாமல் இருப்பது தன் குற்றம் என்று நினைத்தவர், புரியும்படி சொல்வது எதிராளியின் கடமையும்தான் என்று உணரும் இடம் அது.

அடுத்து, நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். இது நன்றாக ஆங்கிலம் தெரிந்த எல்லோருக்கும் கஷ்டம். கேள்வி கேட்டுவிட்டு அத்தை யோசிக்கும்போது நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்கிறீர்கள் அல்லவா? 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது. தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிற 54 வயதுக்காரருக்கு மூன்று விநாடிகூடப் போதாது. மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அப்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், வெங்காயம் உரியுங்கள். சும்மா உட்கார்ந்து வாயைப் பார்ப்பவர்முன் யாருக்கும் பேச்சு வராது.

நான் சமையலறையில் சொல்லிக் கொடுக்கச் சொல்வதற்கு அது மட்டும் காரணம் இல்லை. கூடத்தில் மாமா டிவி பார்த்துக்கொண்டிருப்பார், பேரப்பிள்ளைகள் ஓடிவந்து சிரிப்பார்கள். வயதில் இளையவரிடம் படிப்பதே அத்தைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அடுப்படியில் அவர்தான் குரு. அரிசிம்பருப்பு சாதம் எப்படிச் செய்வதென்று உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லித் தரச் சொல்லுங்கள். "ஃபர்ஸ்ட் ஆயில். மஸ்டர்ட். தென் ஆனியன், ஸ்மால் ஆனியன்." இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும், வரட்டும். நீங்கள் தெரியாதவர்போல் குறுக்கே கேளுங்கள்: "ஹவ் மச் வாட்டர்?" அவர் டம்ளரைத் தூக்கிக் காட்டி "த்ரீ" என்பார். அது முழு உரையாடல். டல்லாஸில் பக்கத்து வீட்டுக்காரர் வாசனை பிடித்துக்கொண்டு வந்து கேட்கப்போவதும் இதைத்தான்.

அத்தைக்கு ஏற்கெனவே எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்று ஒருநாள் இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். டிக்கெட், சிலிண்டர், ஸ்விட்ச், டேப்லெட், ஸ்கேன், லேட், ரெடி, கரெக்ட், அட்ஜஸ்ட். நூறைத் தாண்டும்போது அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஆனால் சில சொற்கள் நம்மூரிலேயே நின்றுவிடும், அவற்றுக்கு மாற்று தர வேண்டும். வெண்டைக்காய்க்கு நாம் சொல்லும் லேடீஸ் ஃபிங்கர் அங்கே ஓக்ரா. பிரிஞ்சால் என்றால் விழிப்பார்கள், எக்பிளான்ட். தயிர் யோகர்ட், கொத்தமல்லித்தழை சிலான்ட்ரோ, குடைமிளகாய் பெல் பெப்பர். கரண்ட் போய்விட்டால் "நோ பவர்". லிஃப்ட் எலிவேட்டர், டாய்லெட் ரெஸ்ட்ரூம். "எனக்கு சுகர் இருக்கு" என்பதை அப்படியே மாற்றி "ஐ ஹேவ் சுகர்" என்றால், சர்க்கரை டப்பா வைத்திருப்பதாக நினைப்பார்கள். "ஐ ஹேவ் டயபீட்டிஸ்" என்று சொல்லட்டும். "ஐ கேம் ஃபார் டெலிவரி" என்பதும் அங்கே பார்சல் கொண்டுவந்தவர் பேச்சு மாதிரி இருக்கும். "மை டாட்டர் இஸ் ஹேவிங் அ பேபி" என்பது தெளிவு.

இரண்டு இடங்களில் தமிழே நம்மைக் கவிழ்த்துவிடும். அங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

ஒன்று, "இல்லை" என்று முடிகிற கேள்வி. "நீங்க கறி சாப்பிட மாட்டீங்களா?" என்றால் தமிழில் "ஆமா, சாப்பிட மாட்டேன்" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு நம் "ஆமா". ஆங்கிலத்தில் "யெஸ்" என்பது, சாப்பிடுவேன் என்றாகிவிடும். விமான நிலையத்தில் அதிகாரி, "யூ டோன்ட் ஹேவ் எனி மீட்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அத்தை நல்ல மனதோடு "யெஸ்" என்றால், பெட்டியில் கறி இருக்கிறது என்று அர்த்தம். இதை விதியாக விளக்கப் போகாதீர்கள், குழம்பிவிடும். ஒரே பழக்கம் போதும்: இருப்பதற்கு "யெஸ், ஐ டூ", இல்லாததற்கு "நோ, ஐ டோன்ட்". கேள்வி எப்படி வந்தாலும், உண்மையில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தனி "யெஸ்", தனி "நோ" வேண்டாம், பின்னால் வால் சேரட்டும். வீட்டில் உள்ளதை வைத்தே பழக்கலாம். "யூ டோன்ட் ஹேவ் மில்க்?" "நோ, ஐ டோன்ட்." "யூ டோன்ட் ஹேவ் சால்ட்?" "யெஸ், ஐ டூ." ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி, ஒரு வாரம்.

பெட்டி விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். மகளுக்காகப் பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் எடுத்துப் போகாமல் இருக்கமாட்டார். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், பயத்தில் "நோ" என்று சொல்லிவிடக்கூடாது. இருப்பதை மறைத்தால்தான் அபராதம் வரை போகும். "யெஸ். பிக்கிள், ஸ்பைஸ் பவுடர்" என்று உள்ளதைச் சொல்லப் பழக்குங்கள். குடியேற்ற அதிகாரி வழக்கமாகக் கேட்பது எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்பவைதான். உண்மையைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லட்டும். மனப்பாடப் பதில் வேண்டாம். கேள்வியின் வரிசை மாறினால் மனப்பாடம் காலை வாரிவிடும்.

இன்னொன்று "ங்க". "தண்ணி குடுங்க" என்பதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது! "தயவுசெய்து" என்று நாம் வீட்டில் யாரிடமாவது சொல்கிறோமா? அந்த "ங்க" எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த "ங்க" உதிர்ந்துவிடுகிறது. "கிவ் மீ வாட்டர்" என்பது அவர்கள் காதில் "தண்ணி குடு" என்று விழும். கொங்கு நாட்டில் பிறந்து வாய் நிறைய "வாங்க, இருங்க" என்று பேசுகிற ஒரு மனுஷி, அங்கே போய் அதட்டுகிறவராகத் தெரிவது எனக்கு மனசு தாங்காத விஷயம். அதனால் "கேன் ஐ ஹேவ்" என்பதை அத்தையிடம் ஆங்கிலத்து "ங்க" என்றே அறிமுகப்படுத்துங்கள். "கேன் ஐ ஹேவ் வாட்டர், ப்ளீஸ்?", "கேன் ஐ ஹேவ் அ பேக், ப்ளீஸ்?" இலக்கணம் விளக்கத் தேவையில்லை. "ங்க எங்கே அத்தை?" என்று கேட்டால் அவரே திருத்திக்கொள்வார்.

விசாரிப்பிலும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. எதிரே வருகிறவர் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டபடியே நடந்து போய்விடுவார். அது நம்மூர் "என்னங்க, சௌக்கியமா?" மாதிரி. "குட், ஹவ் ஆர் யூ?" என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும், முழங்கால் வலியைச் சொல்லத் தேவையில்லை. நாம் அன்பாகக் கேட்கிற "சாப்பிட்டீங்களா?"வை அங்கே கேட்டால், சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைக்கலாம். கூப்பிட விரும்பினால் தாராளமாகக் கேட்கட்டும்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தமிழே கலக்காமல் பேசலாமா? வேண்டாம். விளக்கத்துக்குத் தமிழ், வாயில் வருவதற்கு ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை எதைச் சொல்ல நினைக்கிறாரோ அதை முதலில் தமிழில் சொல்லட்டும். அதற்கு உங்களிடமிருந்து ஆங்கிலம் வரட்டும். அது அவருடைய வாக்கியம் என்பதால் ஒட்டிக்கொள்ளும். தமிழைத் தடைசெய்தால் அவர் ஊமையாகிவிடுவார். அவரை அப்படி உட்காரவைக்க யாருக்கும் உரிமையில்லை.

திருத்துவதில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "டெய்லி ஐயம் கோயிங் டெம்பிள்" என்றால் எவருக்கும் புரியும். விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் எதிராளி தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடிய தவறாக இருக்கட்டும். பேசி முடித்தபின் சொல்லுங்கள், நடுவில் வெட்டாதீர்கள். வாக்கியத்தின் பாதியில் திருத்தப்படுகிறவர் அடுத்த முறை பாதியிலேயே நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். உங்கள் அத்தை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உச்சரிப்பில் அமெரிக்கர் மாதிரி பேசவேண்டியதில்லை. இரண்டே விஷயம். நம் எழுத்தில் ஒரே "ப"தான். நோட்டில் "பில்" என்று எழுதினால் மாத்திரையா, கடை ரசீதா என்று தெரியாது. "கோட்" என்றால் போட்டுக்கொள்வதா, ஆடா? "பேக்" என்றால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? அதனால் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிற பழக்கத்தை விடச் சொல்லி, உங்கள் குரலை வாட்ஸ்அப்பில் பதிவுசெய்து அனுப்புங்கள். "ஃப" வராவிட்டால் காஃபி காப்பியாகி, நகல் எடுக்கும் இடத்தைக் கைகாட்டுவார்கள். "வ" சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடுகிறதல்லவா? அதே இடத்தில் குரல் இல்லாமல் காற்றை மட்டும் விட்டால் "ஃப" வந்துவிடும். கண்ணாடிமுன் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது அழுத்தம். நாம் எல்லா எழுத்தையும் சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் ஓர் இடம் ஓங்கும், மற்றவை சுருங்கும். வெஜிடபிள் என்பதில் "வெ" ஓங்கி, மீதி "ஜ்டபிள்" என்று ஓடிவிடும். ஹோட்டலில் பின்பாதி ஓங்கும். எழுத்து கொஞ்சம் பிசகினாலும் புரிந்துகொள்வார்கள், ஓங்குமிடம் மாறினால் வேறு சொல்லோ என்று தவிப்பார்கள். கும்மி அடிப்பதுபோல் ஓங்குகிற இடத்தில் கையைத் தட்டச் சொல்லுங்கள். பாட்டு தெரிந்த கை, சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நேரம் அரைமணி போதும், ஆனால் அதை ஒரே மூச்சாக வைக்காதீர்கள். பால் பிம்ஸ்லர் என்ற மொழி ஆய்வாளர் 1967இல் ஒரு கட்டுரையில், புதுச் சொல்லை ஐந்து விநாடி, இருபத்தைந்து விநாடி, இரண்டு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று இடைவெளியை நீட்டி நீட்டி மறுபடி கேட்கச் சொன்னார். மறக்கப்போகிற நேரத்தில் நினைவுபடுத்தினால் ஆழமாக இறங்கும் என்பது அதன் அடிப்படை. பக்கத்து வீடு என்பதால் இது உங்களுக்குச் சுலபம். காலையில் சொன்னதைத் துணி காயப்போடும்போது மாடியிலிருந்து கேளுங்கள். சாயங்காலம் வாசலில் கேளுங்கள். மறுநாள் முதல் வேலையாகக் கேளுங்கள்.

கிளம்புமுன் ஒரு அட்டையில் மகள் வீட்டு முகவரியும் போன் எண்ணும் எழுதிக் கைப்பையில் வைக்கட்டும். ஆபத்து என்றால் 911. "ஹெல்ப்", முகவரி, பிறகு "தமிழ்" என்று சொன்னாலே மொழிபெயர்ப்பாளரை இணைக்கப் பார்ப்பார்கள். அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழி உதவியைக் கட்டணமில்லாமல் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். "தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்ற வரியைத் தயங்காமல் சொல்லப் பழக்குங்கள். மருந்து, வலி, கையெழுத்து விஷயங்களில் அரைகுறை ஆங்கிலத்தோடு போராட வேண்டாம். பொது நூலகங்கள் பலவற்றில் ஆங்கிலம் பழகுவோருக்கென்று இலவசப் பேச்சு வட்டங்கள் நடக்கின்றன. அருகில் இருக்கிறதா என்று மகளை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். குழந்தை பிறந்தபின் அவளுக்கு நேரம் இருக்காது.

அத்தை போனபிறகும் முதல் மாதம் விட்டுவிடாதீர்கள். கோடையில் அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. வாரம் இருமுறை பத்து நிமிடம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "இன்னிக்கு யார்கிட்ட பேசினீங்க அத்தை? அவங்க என்ன கேட்டாங்க?" என்று கேளுங்கள். அவர் பிடித்துவந்த அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அன்றைய பாடத்தை நடத்துங்கள்.